ஒடிந்த எர்த் பின்

அனிட்டாம்மா,

பாட்டு ஆம்ப்ளிஃபயரைத் தொடாதே. வயலிலிருந்து ஈரக்காலோடு வந்து அதை நிறுத்தப் போனேன். சுளீரென்று தோள்வரை இழுத்துக் கீழே தள்ளிவிட்டது. தோள் இன்னும் மரத்துக் கிடக்கு, எழுத்து கோணலா இருக்கும்.

வயரைப் பிடுங்கிப் பார்த்தால் பிளக்கில், கசியற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுற எர்த் பின்னையே காணோம்! ஸ்பீக்கர் இரைச்சல் நிற்கணும்னுதானே ஒடித்தாய்? ஸ்டெபிலைசர் இருந்தும் கரண்டு அடிச்சுதே; அது வோல்டேஜை மட்டும்தான் சரிபண்ணும் போல.

வண்டு மாதிரி இரையுது, தூக்கிப் போடுன்னு நேற்று கத்தியவன் நான்தான். காலையில் இரைச்சல் நின்றதும் சந்தோஷப்பட்டேனே!

வயரை எடுத்துப் போறேன். சாயங்காலம் எலக்ட்ரீசியன் காதர் மைதீனைக் கூட்டிட்டு வர்றேன். சோறு மூடியிருக்கு, சாப்பிடு.

அப்பா

அந்தப் பெட்டியை அம்மா தினமும் ஈரத்துணியால்தானே துடைப்பாள்? அவளிடமும் சொல்லிடு. அது இரைந்தால் இரையட்டும்மா, இனி வாயே திறக்க மாட்டேன்.