திரும்பி வந்த கஞ்சி

அன்புக்குரிய செல்வம் அண்ணைக்கு,

நீங்கள் கடைசியாகப் படுத்திருந்த அதே ஹம்பேர்க் ஆஸ்பத்திரியின் சமையலறையில்தான் இன்னும் தட்டுக் கழுவுகிறேன். அகதி முகாமில் நாங்கள் ஒரே அறையில் இருந்த காலத்தில், "இந்த ஜெர்மன் சனத்தைக் கஞ்சி காய்ச்சப் பழக்கிப்போட்டுத்தான் சாவன்" என்று சவால் விட்டீர்களே. தோற்றுப்போனோம் அண்ணை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கட தட்டுகளைப் பற்றி நான் உங்களிடம் பேசியதேயில்லை. வார்டிலிருந்து கழுவ வரும் ஒவ்வொரு தட்டிலும் நோயாளியின் பெயர்த்துண்டு இருக்கும். உங்கட பெயரோடு வந்த மூடியைத் திறந்தால் மசித்த உருளைக்கிழங்கு கரண்டி படாமல் இருக்கும். நான்தான் அதை வழித்துக் கொட்டுவேன். வேலை முடிந்து மேலே வந்து, "சாப்பிட்டியளோ அண்ணை?" என்பேன். "ஓம் தம்பி, சாப்பிட்டனான்" என்பீர்கள். பொய் என்று தெரிந்தும் வேறு கதைக்குப் போய்விடுவேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு எனக்கு விசர் பிடித்தது. எங்கட சாப்பாடு கிடைத்திருந்தால் நாலு வாயாவது சாப்பிட்டிருப்பீர்கள் என்றே நினைத்தேன். தமிழ் நோயாளிகளுக்கு மத்தியானம் சிவப்பரிசிக் கஞ்சி கொடுக்கவேண்டும் என்று என் மகளைக் கொண்டு ஜெர்மனில் அன்ட்ராக், அதுதான் விண்ணப்பம், எழுதிக் கொடுத்தேன். மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அரிசிக்கு ஒரு தாள், தேங்காய்ப்பாலுக்கு ஒரு தாள், முருங்கையிலைக்கு ஒரு கூட்டமே வைத்தார்கள். கடைசியில் சமையலறைப் பொறுப்பாளர் அம்மா, இரண்டு கிழமை செய்து பார்ப்போம் என்று சம்மதித்தார். என்னையே காய்ச்ச விட்டார்கள்.

முதியோர் வார்டில் அப்போது இருந்த ஒரே தமிழ் ஆள் பரமேஸ்வரி அக்கா. முதல்நாள் அவருக்குப் போன கஞ்சி அப்படியே திரும்பி வந்தது. மறுநாளும் வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஓடினேன்.

"அக்கா, கஞ்சி பிடிக்கேல்லையோ?"

"நான் எங்க தம்பி குடிச்சன்? சாப்பாடு குடுக்கிற அந்த வெள்ளைக்காரப் பிள்ளை கொண்டுவந்து வேணுமோ எண்டு கேட்டது. கேட்ட உடன ஓம் எண்டு கையை நீட்டலாமே? வேண்டாம் எண்டன். திருப்பிக் கேக்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். அது சிரிச்சுப்போட்டு எடுத்துக்கொண்டு போயிட்டுது. நல்ல வாசம் தம்பி."

உங்கட கோப்பில் "உணவை மறுக்கிறார்" என்று எழுதியிருந்தார்கள் அண்ணை. நீங்களும் மரியாதைக்குத்தான் வேண்டாம் என்றீர்களோ? இன்னொருதரம் கேட்டிருந்தால் அந்த உருளைக்கிழங்கையே சாப்பிட்டிருப்பீர்களோ? அவர்களை விடுங்கள், எங்கட வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்த நானும் ஒருதரம்தானே கேட்டேன்.

பொறுப்பாளரிடம் போய், இரண்டு மூன்று தரம் கேட்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "வேண்டாம் என்றவரை வற்புறுத்த எங்களுக்கு உரிமை இல்லை" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அக்காவிடம் போய், "நாளைக்கு ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றேன். தலையாட்டினார். அடுத்த நாளும் தட்டு நிறைந்தே வந்தது. எழுபது வருடப் பழக்கத்தை ஒரு நாளில் விட ஏலுமா?

இரண்டு கிழமை முடிந்ததும் கஞ்சியை நிறுத்திவிட்டார்கள். காரணம், விருப்பமுள்ளவர்கள் இல்லையாம். மிஞ்சிய அரிசியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். இனி அன்ட்ராக் எழுத எனக்குத் தெம்பு இல்லை அண்ணை. எழுதினாலும் அந்த மூடி திறபடப் போவதில்லை.

வாக்குத் தருவதென்றால் இவ்வளவுதான் என் கையில் இருக்கிறது. மத்தியான இடைவேளை அரை மணித்தியாலம் என்னுடையது. எங்கட ஆள் யாராவது மேலே படுத்திருந்தால் ஏறிப்போவேன். இருக்கிறது உருளைக்கிழங்குதான் என்றாலும், பக்கத்தில் இருந்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும், திரும்பத் திரும்பக் கேட்பேன். உங்களிடம் அப்படிக் கேட்கவில்லை, அண்ணை.

கூடப்பிறக்காவிட்டாலும் என்றும் உங்கட தம்பி,
யோகன்