வெள்ளைத் தொட்டிகள் பன்னிரண்டு

பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ அழுவாய், உடனே நான் ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். உன் பிரசவத்துக்கு என்னால் வர முடியாது.

நாலைந்து மாதம் முன்பே, விதை போடுவதற்கு முன்னால், குடியிருப்புச் செயலாளர் அம்மாவிடம் லீவு கேட்டேன். தொட்டிச்செடிப் போட்டி முடியட்டும், அப்புறம் ஒரு மாசம்கூட இருந்துட்டு வா, நானா வேணாங்கறேன் என்றார். குடியிருப்பின் பேரில் பன்னிரண்டு தொட்டி, எல்லாம் ஒரே நிறம், நாமே வளர்த்ததாக இருக்கணும், கடையில் வாங்கி வைத்தால் செல்லாது. இந்த வெயிலுக்கு மஞ்சளும் ஆரஞ்சும்தான் நிற்கும், வெள்ளைப் பூ சீக்கிரம் பழுப்பேறிவிடும், தூசியும் தெரியும் என்று சொன்னேன். தெரிஞ்சா துடைக்கத்தான் நீ இருக்கியே என்று வெள்ளையையே பிடித்துக்கொண்டார், அவர் வீட்டுச் சோபா வெள்ளையாம். நடுவில் வெள்ளை வாடாமல்லி, சுற்றி நித்தியகல்யாணி, ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்ட இலை தொங்கும் செடி என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். நித்தியகல்யாணி விதை பம்ப் ரூம் பின்னால் எடுத்தது, அங்கே வெள்ளையும் ரோஸும் ஒன்றாக நின்றதால் கலந்துபோயிருந்தது. பூக்கும் முன்பே தண்டைப் பார்த்தால் எனக்குத் தெரியும், பச்சையாக இருந்தால் வெள்ளை, சிவப்பு ஓடினால் ரோஸ். தெரிந்தே மூன்று சிவப்புத் தண்டுச் செடிகளை மூன்று தொட்டிகளில் விட்டுவைத்தேன். ஜெயித்தால் அடுத்த மாதம் பெரிய போட்டிக்குப் போகணும், அது சரியாக உன் தேதி. தோற்றால்தான் எனக்கு லீவு. அப்பாவிடம் மட்டும் சொன்னேன், பாத்துடி, உன் கை உன் பேச்சைக் கேக்காது என்று சிரித்தார்.

போட்டியன்று காலையில் நினைத்தபடியே மூன்றும் ரோஸாகப் பூத்து நின்றன. பக்கத்துத் தொட்டிகளோடு வந்திருந்த வேறு குடியிருப்புத் தோட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டு, என்னக்கா, வெள்ளைச் சட்டையில சாயம் ஒட்டின மாதிரி இருக்கு, இதுக்கா நாலு மாசம் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். எனக்கு ரோஷம் தலைக்கு ஏறிவிட்டது. நடுவர்கள் வருவதற்குள் மூன்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு வெள்ளையை வைத்தேன். உபரியாக நாலு வெள்ளைச் செடி பையில் எடுத்துப் போயிருந்தேன், எதற்கு எடுத்துப் போனாய் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

முதல் பரிசு. ஒரு பூகூட நிறம் மாறவில்லையே, எப்படி என்று நடுவர் கேட்டதற்கு, எல்லாம் என் குழந்தைங்க மாதிரி என்றார் செயலாளர் அம்மா. கோப்பையோடு அவர் காரில் போனார், நான் தொட்டிகளோடு வேனில் வந்தேன். மறுநாள் லீவு கேட்டால், இப்பப் போய்க் கேக்கறியே, உன் பொண்ணு ஊர்ல ஆஸ்பத்திரி இல்லையா என்கிறார். அவர் மகள் பெற்றபோது மூன்று மாதம் அவர் இந்தப் பக்கமே வரவில்லை, அப்போது எந்தச் செடியும் அவரைத் தேடவில்லை. மீறி வந்துவிடலாம் என்றால், எங்களை ஜோடியாகத்தான் வேலைக்கு எடுத்தார்கள், நான் போனால் அப்பாவின் வாட்ச்மேன் வேலையும் போகும், அன்றைக்கே இங்கே தந்திருக்கிற அறையைக் காலி செய்யணும். இந்த வயதில் அவரை யார் எடுப்பார்கள். யாரோ ஒருத்தர் சிரித்ததற்காக உன்னை விட்டுவிட்டேன் பாப்பா.

வாளியைத் தூக்காதே. இரும்புச்சத்து மாத்திரையைக் கசக்கிறது என்று தள்ளாதே. வலி வந்தால் கத்து, யார் என்ன நினைப்பார்கள் என்று பல்லைக் கடிக்காதே, என்னை மாதிரி இருக்காதே. தாயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள். மாப்பிள்ளையை அப்பா போனுக்கு அடிக்கச் சொல், வேலை நேரத்தில் என் போனை ஆபீஸ் அறையில் வாங்கி வைத்துவிடுகிறார்கள், நீ கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது.

வர முடியாத
உன் அம்மா