செல்வமேரியின் அப்பாவை அடித்தது

கார்த்திகை, செவ்வாய் இரவு



ஐந்தாம் வகுப்பு செல்வமேரியின் கெண்டைக்காலில் கன்றிப்போன தடிப்புகளை நேற்றுப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே எழுதித் தலைமையாசிரியையிடம் கொடுத்தேன். அவர் அவளுடைய அப்பாவுக்கே போன் செய்துவிட்டார்.

இன்று அவள் அப்பா திராட்சைத் தோட்டத்திலிருந்து நேராக வந்தார். கையில் சொட்டுநீர்க் குழாய்த் துண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டால் பிள்ளைதான் தப்பு செய்திருக்கும் என்று இங்கே எல்லோருக்கும் நினைப்பு.

"டீச்சர் கூப்புட்டு விடுற அளவுக்கு என்னடி செஞ்ச?"

நாங்கள் வாய் திறக்கும் முன் விளாசினார். பெஞ்சில் மோதி அவள் உதடு கிழிந்தது. பிறகு குழாயை என்னிடம் நீட்டினார். "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிங்க டீச்சர்."

வாங்கினேன். சத்தமாகப் பேசவே கூசுகிற நான் அவர் முகத்தில் ஓங்கி அடித்தேன். காதோரம் ரத்தம் வந்தது.

தலைமையாசிரியை என்னை ஓரமாக இழுத்தார். "நீயும் இத எழுத வேணாம்த்தா, அவுகளும் ஒம்மேல புகார் குடுக்க மாட்டாக. வேலைய நெனச்சுப் பாரு."

எங்கள் வீட்டில் படித்து வேலைக்கு வந்த முதல் ஆள் நான். நினைத்துத்தான் பார்த்தேன். அதற்குள் செல்வமேரியின் அப்பா அவளைச் சடையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார். அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசினேன். வந்தவர்களிடம் அவர் அடித்ததை எழுதிக் கொடுத்தேன். நான் அடித்ததையும் எழுதினேன்.

காப்பகத்து வண்டியில் ஏறும்போது செல்வமேரி கேட்டாள்: "டீச்சர், எங்கப்பாவுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?"

வலிக்கட்டும் என்றுதான் அடித்தேன். அதை மட்டும் எழுதவில்லை.