பேச்சில்லாத படத்துக்கு நான் எழுதிய ஒரு வரி

அஞ்சலாட்சி, என் கண்ணு,

நீ போய் எட்டு மாசமாகிறது. சாவுக்கு நான் வரவில்லை என்று நினைத்திருப்பாய். வந்தேன். வில்லியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி உன் தெருமுனை வரைக்கும் நடந்தேன். சாவு மேளம் கேட்டது. வந்த வழியே கரிக்கலாம்பாக்கத்துக்குத் திரும்பிவிட்டேன்.

இப்போது எழுதுகிறேன், அஞ்சாவது வரை படித்த கையெழுத்தில். நம் தெருவில் ரேகை வைக்காமல் கையெழுத்துப் போட்ட மருமகள் நான் ஒருத்திதான் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பெருமை இன்னும் குறையவில்லை. உடம்புதான் குறைந்துபோனது. நாலு வரி எழுதினால் தோள் கடுக்கிறது. படுத்து எழுந்து மறுபடி எழுதுகிறேன்.

என் மகனுடைய பெண் யாழினி பாண்டிச்சேரியில் சினிமா படிக்கிறாள். ஆமாம், அதற்கும் காலேஜ் இருக்கிறது. வகுப்பில் முதல் மார்க் அவள்தான், நீ கேட்காமலே சொல்லிவிடுகிறேன். பரீட்சைக்குப் பத்து நிமிஷத்தில் ஒரு ஊமைப்படம் எடுக்கச் சொன்னார்கள். ஆள் வாயசைக்கும், சத்தம் வராது. முக்கியமான பேச்சை மட்டும் ஒரு அட்டையில் எழுதி நடுவில் காட்டுவார்களாம்.

கதை என்ன தெரியுமா? உன் கதைதான். புருஷன் செத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு வயிற்றில் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போன அத்தை, வில்லியனூர் மாதா கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்றுப் பிழைத்தாள் என்று அவள் அப்பன் சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை இவள் ஜோடித்துக்கொண்டாள். வீடே மானம் மானம் என்று குதிக்கிறது, மாமியார் அவளைத் துரத்துகிறாள், அவள் வேறு ஊரில் எழுந்து நிற்கிறாள். கெடுத்த ஆம்பளையைக் காட்டவே இல்லை. ஏன்டி என்று கேட்டேன்.

"எவனோ ஒருத்தன், ஆயா. அவன் மூஞ்சி நமக்கு இன்னாத்துக்கு?"

மாமியார் வேஷம் எனக்கு. உன் வேஷத்துக்கு அவளோடு படிக்கிற பெண் ஒருத்தி. தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி, "இன்னா தனம், இனிமே எங்களோடல்லாம் பேசுவியா?" என்று கிண்டல் செய்தாள். நானும் பட்டுப்புடவையில்தான் வந்து நின்றேன். யாழினி அவிழ்க்கச் சொல்லிவிட்டாள்.

துணிப்பையைத் தெருவில் எறிந்துவிட்டு அந்தப் பெண்ணைத் திட்ட வேண்டும். எதையாவது பேசு ஆயா, சத்தம் விழாது என்றாள். மூன்று தடவை எடுத்தும் எனக்கு வாய் திறக்கவில்லை. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. நாலாவது தடவை அந்தப் பெண் எதையோ சொல்ல வாயெடுத்தாள். என் கை தானாகப் போய் அவள் வாயைப் பொத்திவிட்டது.

எல்லாரும் கை தட்டினார்கள். உனக்கு எப்படி ஆயா தோணிச்சி என்று யாழினி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

எப்படித் தோன்றியது, அஞ்சலாட்சி? மாட்டுக் கொட்டகையில் நீ அந்தப் பேரைச் சொன்னபோது உன் வாயை இதே கை பொத்தவில்லையா? மறுநாள் காலையில் என் அண்ணன் வந்து நடுவீட்டில் உட்கார்ந்து, "இவ இருக்கிற வூட்டுல என் தங்கச்சி குப்பை கொட்ட மாட்டா" என்று சொன்னபோது நான் ஏன் தலையைக் குனிந்துகொண்டேன்? உன் பையை நான்தானே கட்டினேன். என்னைக் கட்டிய உன் அண்ணனும் உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்தார்.

அட்டை எழுத என் கையெழுத்துதான் வேண்டும் என்றாள் யாழினி. கறுப்பு அட்டை, வெள்ளைப் பெயிண்ட். நான் வாயைப் பொத்தும்போது அந்தப் பெண் என்ன சொல்ல வந்தாள் என்று படம் பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும், நீயே யோசித்து எழுது ஆயா என்றாள். நான் யோசிக்கவில்லை. "அண்ணி, உன் அண்ணன்தான்" என்று எழுதினேன்.

படித்துப் பார்த்தாள். "ஆயா, நீ இதுல மாமியாரு. அண்ணின்னு எழுதியிருக்கிற." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அதற்கப்புறம் எதை மறைக்க? எல்லாவற்றையும் சொன்னேன். மாமியாரை அண்ணி ஆக்கிவிட்டாள், வயசு பொருந்தாவிட்டால் போகிறது என்று.

என் மகன் குதித்தான். செத்தவர்களுக்கு இனி என்ன, உயிரோடு இருக்கிற மாமா மானத்தைப் பார் என்றான். பார், அதே மானம் இன்னும் அதே வீட்டில்தான் குடியிருக்கிறது.

என் அண்ணன் வந்தார். நெற்றி நிறைய விபூதி. இப்போதும் ஊரில் யார் வீட்டுச் சண்டைக்கும் புத்தி சொல்ல அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். இல்லை என்று அவர் சொல்லவில்லை. அட்டையை மாற்றி எழுதச் சொன்னார், அவ்வளவுதான்.

"அன்னைக்கு நீ சொன்னதக் கேட்டேண்ணா. இப்ப எனக்குக் காது மந்தம்."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு இனி எனக்கு அழைப்பில்லை. மகனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. யாழினிதான், உன் மகள் பார்க்காமல் இந்தப் படத்தை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போனோம். கோயில் வாசலில் உன் இடத்தில் உன் மகள் செல்வி இருக்கிறாள். கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்றோம். எத்தனை மெழுகுவத்தி பாட்டி என்று கேட்டாள். உன் குரலேதான். நான் யாரென்று சொன்னதும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

யாழினி போனைக் கொடுத்தாள். நின்றபடியே பார்த்தாள். அட்டை வந்ததும் நிறுத்தி இரண்டு தடவை படித்தாள்.

"அந்த ஆளு இருக்காரா?"

"இருக்காரு."

"எங்கம்மா கடைசி வரைக்கும் பேரச் சொல்லல. கேட்டா, ஒருத்திக்கு வாக்குக் குடுத்திருக்கேன்னுவாங்க. அது நீங்கதானா?"

பொத்திய கையை வாக்கு என்று நினைத்து நாற்பது வருஷம் காப்பாற்றினாயா? ஒரு நாளாவது என்னைத் திட்டித் தீர்த்திருக்கக் கூடாதா?

படத்தை எல்லாருக்கும் காட்டு என்று யாழினியிடம் சொன்னாள். என்னை உட்கார் என்று சொல்லவில்லை. மெழுகுவத்தி வாங்க ஆள் வந்தது, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மேல் தப்பில்லை.

அவள் மாமன் பெண்டாட்டி என்றாலும் நான் அத்தை. அவளைப் பெற்றவனின் தங்கை என்றாலும் அத்தை. இரண்டு பக்கமும் அத்தையாக இருந்தும், அவள் பிறந்தபோது உனக்கு ஒரு சொம்பு வெந்நீர் வைத்துக் கொடுக்க நான் இல்லை.

அலுப்பாக இருக்கிறது, அஞ்சலாட்சி. ஆனாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை போவேன். அதற்கடுத்த ஞாயிறும் போவேன். கூட்ட நேரத்தில் அவளுக்கு ஒத்தாசைக்கு ஆள் வேண்டியிருக்கும். அவள் அத்தை என்று கூப்பிடுவாளோ மாட்டாளோ, அது அவள் இஷ்டம். யார் கேட்டாலும் நான் சொல்லுவேன், இவள் என் நாத்தனார் பெண், என் அண்ணனுக்குப் பிறந்தவள் என்று. அவர் காதில் விழுகிற மாதிரியே சொல்லுவேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

துரத்திவிட்ட பிறகும் உனக்கு அண்ணியாகவே இருக்கிற,
தனம்