வளைவுல அப்பா வெட்டுன படி

மலாக்கா,
11 ஜனவரி.

எப்பவும் என் மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

உங்க மக தேவிஸ்ரீ எழுதிக்கிறது. இங்க நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். அங்க சரவாக் மலையில நீங்க முதுகு வலி இல்லாம, வேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருக்கணும்னு தினமும் கும்பிடுறோம். இந்த வரியெல்லாம் எப்படி எழுதணும்னு வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன். இனிமே வர்றதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

இது நான் எழுதுற மொத கடிதம்ப்பா. உங்க கேம்ப்ல ஃபோன் லைன் இல்ல. நீங்க டவுனுக்கு எறங்கி வந்து கூப்பிடுற வரைக்கும் என்னால பொறுக்க முடியல. உங்க கம்பெனியோட பிந்துலு ஆபிஸ்ல இருக்குற அக்காவ கூப்பிட்டுக் கேட்டேன். புதன்கிழமை சாமான் ஏத்திக்கிட்டு மேல போற லாரியில குடுத்து விடறேன்னாங்க. ஃபோன்ல தட்டித் தட்டி, என் கையில கட்டைவிரலுக்கு மட்டும்தான் எழுதிப் பழக்கம், மத்த விரலெல்லாம் இப்பதான் பழகுது. கையெழுத்தப் பாத்து சிரிக்காதீங்க.

மொதல்ல சேதி. டிசம்பர்ல ஆறு ஏறுச்சு. நம்ம ஆத்து வளைவு சரியாம நின்னுச்சு. கடைங்க பக்கம் ஒரு சொட்டுத் தண்ணி வரல. நீங்க வெட்டுன படிதான்ப்பா! நீங்க வெட்டுனது!

தீபாவளிக்குக் கூப்பிட்டப்ப, பிப்ரவரியில காண்ட்ராக்ட் முடியுது, இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடப் போறேன்னு சொன்னீங்கல்ல. இந்தக் கடிதத்தக் கடைசி வரைக்கும் படிச்சிட்டு அப்புறமா பேனாவத் தொடுங்க. பிளீஸ் லா.

மூணு நாள் விடாம மழைப்பா. நாலாவது நாள் வியாழக்கிழமை. அன்னிக்குக் கடலும் ஏத்தம், ஆத்துத் தண்ணி வெளிய போக வழியில்லாம திரும்பி நின்னுச்சு. நான் காலையிலேர்ந்து தண்ணி மட்டம் காட்டுற வெப்சைட்டத் தொறந்து வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் ஃபுட்பால் டீமுக்கு ஃபேன், கொரியா பாட்டுக்கு ஃபேன். நான் ஒரு ஆத்து வளைவுக்கு ஃபேன். இதச் சொன்னா எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க. பாக்கட்டும்.

மத்தியானம் மூணு மணிக்கு உங்க படி, கரைய நேரா வெட்டாம நடுவுல திண்ணை மாதிரி விட்டீங்களே, அது முங்கிடுச்சு. அதுல இப்ப சிமெண்டு பாதை போட்டு, பெஞ்சு வச்சி, லைட்டுக் கம்பம் நட்டிருக்காங்க. காலையில தாத்தா பாட்டிங்க நடக்குறதும், சாயங்காலம் புள்ளைங்க சைக்கிள் ஓட்டுறதும் அதுலதான். பெஞ்செல்லாம் காணாமப் போச்சு, லைட்டு மண்டை மட்டும் வெளிய தெரிஞ்சிச்சு. ஆனா ஆத்துக்கு அங்க பரவுறதுக்கு எடம் கெடைச்சிடுச்சுல்ல, அதனால மேல ஏறுற வேகம் அப்படியே கொறைஞ்சிச்சு. ரோட்டுக்கு ரெண்டு சாண் கீழ வந்து நின்னுச்சுப்பா. நின்னுச்சு! நான் பாலத்து மேல நின்னு கத்துன கத்துல பக்கத்துல நின்ன மலாய்க்கார பாக்சிக், வயசான மனுசன், தொப்பியத் தவற விட்டுட்டாரு. அஞ்சு மணிக்குக் கடல் எறங்குச்சு, கூடவே ஆறும் எறங்கிடுச்சு.

அப்துல் கஃபார் மாமா கதையச் சொல்லியே ஆகணும். மசாலாக் கடை மாமாதான். அந்த வரிசைக் கடைக்காரங்க பழக்கம் உங்களுக்குத் தெரியுமே, பள்ளிவாசல் பக்கத்துப் பாரிட் வாய்க்கால்ல தண்ணி பின்னால ஓட ஆரம்பிச்சா எல்லாரும் சாமான மாடிக்குத் தூக்கிடுவாங்க. மாமா அன்னிக்கு மொளகா மூட்டை, மல்லி மூட்டைன்னு நாப்பது மூட்டையத் தூக்கிட்டாரு. தண்ணி வரவே இல்ல. மறுநாள் கடை நெறைய ஆளு. கால் கிலோ சீரகம்னா மாடிக்கு ஓடுறாரு, நூறு கிராம் சோம்புன்னா மறுபடி ஓடுறாரு. மூச்சு வாங்கிக்கிட்டு என்னப் பாத்து, ஒங்கப்பன் பண்ணுன வேலையால என் முட்டி போச்சு புள்ள, வரேன்னு சொன்ன வெள்ளம் வராம ஏமாத்திடுச்சுன்னு திட்டுறாரு. திட்டிக்கிட்டே கண்ணத் தொடைச்சிக்கிட்டாரு. மொளகாத் தூளாத்தான் இருக்கும்னு நெனைச்சேன். அப்புறம் மெதுவா, முப்பத்திரெண்டு வருசத்துல, ஆறு இப்படி ஏறுன டிசம்பர்ல கடை தரை காஞ்சி கெடக்குறத நான் பாத்ததில்ல, ராமையா வந்தா மொத டீ இங்கதான்னு சொல்லுன்னாரு.

சரி, இப்ப நான் பண்ணுனதச் சொல்றேன். கோவிச்சிக்காதீங்க.

அன்னிக்கு எடுத்த வீடியோவையும், நீங்க அங்க மண்ணு வெட்டுற மெஷின் ஓட்டுனப்ப நான் எடுத்து வச்சிருந்த பழைய வீடியோவையும் சேர்த்து என் பேஜ்ல போட்டேன். எடிட்டிங் எல்லாம் நானே கத்துக்கிட்டது. கீழ இப்படி எழுதினேன்: இந்தப் படி பிளான்ல இல்ல. எஸ்டேட்ல பதினஞ்சு வருசம் பாரிட் வெட்டுன கை இத வெட்டுச்சு. அவரு பேரு ராமையா. அவரு என் அப்பா.

எம்பதாயிரம் பேரு பாத்தாங்கப்பா. நியாலாஸ்லேர்ந்து ஒருத்தர், இந்தக் கைய எனக்குத் தெரியும், எங்க எஸ்டேட்டுப் பாரிட் இன்னும் சரியலன்னு கமெண்ட் போட்டாரு. நான் அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன்.

அம்மாவுக்குத்தான் பயம். பிளான்ல இல்லாதத வெட்டுனாருன்னு ஊருக்கே சொல்லிட்டியே, மறுபடி ஆபிஸ்காரங்க ஃபைலத் தூக்கிட்டு வரப்போறாங்கன்னு ரெண்டு நாள் என்கூடப் பேசல.

நாலாம் நாள் நெஜமாவே வந்துட்டாங்க.

நான் பாத்ரூம்ல தலைக்குக் குளிச்சிக்கிட்டு இருந்தேன். கிரில் கதவத் தட்டுற சத்தம். ஒரு பொம்பளக் குரல், ராமையா அவங்க வீடு இதுதானான்னு தமிழ்ல கேக்குது. அம்மா கிரிலத் தொறக்காம, அந்தப் பேர்ல யாரும் இங்க இல்லன்னுட்டாங்க. முன்ன இருந்தாங்களான்னு அந்தக் குரல் கேக்குது. அம்மா, எங்களுக்குத் தெரியாது, நாங்க புதுசுன்னாங்க. நாம இந்த ஃபிளாட்டுக்கு வந்து பதினொரு வருசம்ப்பா! அதுல வேற, அம்மாவுக்குப் பின்னாடி சுவத்துல உங்க மஞ்சள் ஹெல்மெட் தொங்குது. அதுல மார்க்கர்ல இவ்ளோ பெருசா ராமையா, ராமையான்னு ரெண்டு பக்கமும் எழுதி இருக்கு.

அந்த அக்கா அதப் பாத்துட்டாங்க. பாத்துட்டும், சரிங்க ஆன்ட்டி, நன்றின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. நான் தலையில துண்டோட, செருப்பு கூட இல்லாம மூணு மாடி ஓடினேன். காடி ஸ்டார்ட் பண்ணிட்டாங்க. முன்னாடி போயி நின்னுட்டேன். அந்த அக்கா கண்ணாடிய எறக்கி, ஒங்கம்மா நல்லாத்தான் பொய் சொன்னாங்க, ஹெல்மெட்டுக்குத்தான் சொல்லத் தெரியலன்னு சிரிச்சாங்க.

அவங்க பேரு ஃபரிஹா. ஆத்து வேலைக்குப் புதுசா வந்த இன்ஜினியர். நம்ம தமிழ் முஸ்லிம் அக்காதான். மேல கூட்டிக்கிட்டு வந்தேன். அம்மா மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும். டீ போடுறேன்னு அடுப்படிக்குப் போனவங்க இருபது நிமிசம் வெளிய வரவே இல்ல.

ஃபரிஹா அக்கா சொன்னத அப்படியே எழுதுறேன். ரெண்டு வருசமா அவங்க ஆபிஸ் அந்த வளைவ அளந்துக்கிட்டு வருதாம். நீங்க படி விட்டு வெட்டுன எடம் ஒரு விரல் அகலம் கூட நகரல. கடைசியில அந்த முப்பது மீட்டர், சூப்பர்வைசர் பிளான்ல இருக்குற மாதிரி நேராத்தான் வெட்டணும்னு உங்க மெஷினுக்குப் பக்கத்துலயே நின்னு வெட்ட வச்சாருல்ல, அப்புறம் மொத மழையிலயே சரிஞ்சி லைட்டுக் கம்பத்தோட ஆத்துல போச்சே, அந்தத் துண்டுதான் கம்பி வலையில கல்லு போட்டும் இன்னும் நகருதாம். களிமண்ணு அங்க ஈரம், நேரா வெட்டுனா தயிரு மாதிரி வரும்னு நீங்க அன்னிக்கே சொன்னத, இவங்க மெஷின் வச்சி அளந்து கண்டுபிடிச்சிருக்காங்க. புது ரிப்போர்ட்டுல, சரிஞ்சதுக்குக் காரணம் சரிவோட அமைப்பு, மெஷின் ஓட்டுனவரு இல்லன்னு எழுதிட்டாங்க. எனக்குக் காமிச்சாங்க. நான் மூணு தடவ படிச்சேன்.

இன்னொன்னு. ஆத்துக்கு மேல் பக்கம் அடுத்த ஒண்ணேகால் கிலோமீட்டர் வேலை மார்ச்ல ஆரம்பிக்குது. அதுல படி இப்ப பிளான்லயே இருக்குப்பா. கரைய வரைஞ்சி, நடுவுல ஒரு கோடு, பக்கத்துல அகலம் ஆறடின்னு போட்டிருக்கு. ஒரு காப்பி வாங்கி இந்தக் கவர்ல வச்சிருக்கேன். செவப்பு மார்க்கர்ல வட்டம் போட்டது நான். அத வெட்டத் தெரிஞ்ச ஆளு வேணும், கோடு போட எனக்குத் தெரியும், மண்ணுகிட்டப் பேச உங்கப்பாவுக்குத்தான் தெரியும்னாங்க. வேலை எடுத்திருக்குறது வேற கம்பெனி. அந்த சூப்பர்வைசர் அதுல இல்ல, கேட்டுட்டேன்.

அவங்க போனதுக்கு அப்புறம் அம்மாகிட்ட சண்ட போட்டேன். ஏன் அப்படிச் சொன்னீங்க, அப்பா என்ன திருடுனாரா, ஒளிச்சி வைக்கிறதுக்குன்னு கத்திட்டேன். அம்மா கத்தல. உக்காந்து சொன்னாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்ன ஃபைலோட வந்தவனுக்கு நான்தான் கிரில் தொறந்து விட்டேன், நான்தான் நாற்காலி போட்டு, மைலோ கலக்கிக் குடுத்தேன், நான்தான் பேனா எடுத்துக் குடுத்தேன், கரை சரிஞ்சது மெஷின் ஓட்டுனவரு தப்புன்னு எழுதியிருந்ததுல அவரு படிச்சிக்கூடப் பாக்காம கையெழுத்துப் போட்டாரு, அடுத்த மாசம் சரவாக் போயிட்டாரு, அன்னிக்கே இது அவரு வீடு இல்லன்னு சொல்லியிருந்தா எம்புருசன் இங்க இருந்திருப்பாருன்னு சொன்னாங்க.

உங்களுக்கு இது தெரியாதுல்ல? அம்மா யாருகிட்டயும் சொன்னதில்ல. நான் எழுதுனேன்னு காட்டிக்காதீங்க.

வேற சேதி. உங்க மோட்டார் சைக்கிள ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன், பேட்டரி நல்லா இருக்கு. அம்மாவுக்கு முட்டி வலி கொறைஞ்சிருக்கு, ஏன்னா தினமும் சாயங்காலம் படியில நடக்குறாங்க. பாலத்துலேர்ந்து அந்தக் கம்பி வலை வரைக்கும் போயி, அதத் தொடாம திரும்பி வந்துடுவாங்க. ஏன்னு கேட்டா, அவரு மனசார வெட்டுனது இது வரைக்கும்தான்னு சொல்றாங்க. வழியில தெரிஞ்சவங்க யாரையாச்சும் பாத்தா, நல்லா காலு வச்சி நடங்க, கெட்டியான வேலைன்னு சொல்லிட்டு வேகமா நடந்துடுறாங்க. வெக்கம்.

அப்பா, நீங்க பெருமைய வெளிய காட்ட மாட்டீங்க. நான் உங்களுக்கும் சேர்த்துக் காட்டிக்கிட்டு இருக்கேன், ஊரே என்னப் பாத்து சலிச்சிக்குது. ஆனா ஒண்ணு நான் செய்ய முடியாது. மார்ச்ல அந்த மெஷின்ல நான் ஏற முடியாது. லைசன்ஸ் இல்ல, இருந்தாலும் மண்ணு எனக்குப் பதில் சொல்லாது. ஆபிஸ்ல கொண்டாந்து நீட்டுற பேப்பர படிக்காம கையெழுத்துப் போடுற பழக்கம் உங்களுக்கு உண்டு. இந்தத் தடவ மட்டும், மொதல்ல என் கடிதத்தப் படிங்க, செவப்பு வட்டத்தப் பாருங்க. அப்புறமும் அங்கதான் போடணும்னு தோணுச்சுன்னா போடுங்க. நான் அழ மாட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன்.

எங்க இருந்தாலும் உங்க ஒடம்பும் கையும் நல்லா இருக்கணும். ஹெல்மெட்டத் தொடைச்சி வச்சிருக்கோம்.

என்னிக்கும் உங்க ஃபேன்,
உங்க மக
தேவிஸ்ரீ

எழுத மறந்துட்டேன்: நேத்து பார்சல் கொண்டாந்த ஆளு அடுத்த வீட்டுப் பேரச் சொல்லி, அவங்க வீடு எதுன்னு அம்மாகிட்டக் கேட்டாரு. அம்மா கிரில நல்லா தொறந்து வச்சிட்டு, அது பக்கத்து வீடு, இது ராமையா வீடுன்னாங்க. அத அந்த ஆளு கேக்கவே இல்லப்பா.