வெற்றிலை வாயும் அயர்லாந்து வயலும்

பசுந்தாங், ரங்கூன்

அன்புள்ள அப்பாவுக்கு, தண்டபாணி வணங்கி எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

என் டாக்சியில் அயர்லாந்துப் பெண்மணி ஒருவர் வந்தார். அவருடைய பாட்டனாரின் அண்ணன் உருளைக்கிழங்கு வயலை விட்டுவிட்டு இங்கே ரயில்வே வேலைக்கு வந்து, தமிழ்ப் பெண்ணைக் கட்டியவராம். பழைய சர்ச் பதிவுகளைப் பிடித்துக்கொண்டே வந்து, எங்கள் மாடிவீட்டு அய்யாசாமி மாமாதான் அந்த ரயில்வேக்காரரின் பேரன் என்று கண்டுபிடித்துவிட்டார். டிஎன்ஏ பார்க்க எச்சில் கேட்டதும், மாமா வெற்றிலை வாயோடு துப்ப, குழாய் முழுக்கச் சிவப்பு! "ரத்த சொந்தமான்னுதானே பாக்குறாங்க, செவப்பா இருந்தா நல்லதுதானே?" என்கிறார். சிரித்துச் சிரித்து அந்தம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அந்த வயலை இன்னும் அவர்கள் வீட்டார்தான் உழுகிறார்களாம்.

திரும்பும்போது என் ஊரைக் கேட்டார். தட்டோன் பக்கம், நாங்களும் வயல்காரர்கள், பஸ்ஸில் அரைநாள் என்றேன். "அரைநாள்தானா? அடிக்கடி போவாயா?" என்றார். வழியில் பஸ்ஸை நிறுத்திப் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கும் காலத்தில் என் வயதுக்காரன் பஸ் ஏற முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. போவேன் என்றேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பஸ் டிரைவர் அண்ணன் ஹாரன் அடிக்கிறார், நிறுத்துகிறேன். அவரிடம் நம் வயல் நெல் ஒரு பிடி கொடுத்தனுப்புங்கள். அரிசியாக்க வேண்டாம் அப்பா. சமைக்க அல்ல.

உங்கள் மகன்,
தண்டபாணி