அரைவாசியில் நின்ற கெபின்

மச்சான்,

இன்று காலை கலஹாப் பக்கத்திலிருந்து ஒரு தேயிலைக் கொழுந்து லொறி நம் கராஜுக்கு வந்தது. மழை வேறு. ஈரக் கொழுந்தின் வாசனை லொறிக்கு முன்னாலேயே உள்ளே நுழைந்துவிட்டது. எஞ்சினில் கை வைக்க, ஆள் உட்காரும் கெபினை முன்பக்கம் சாய்க்க வேண்டும் என்றதும், டிரைவர் கண்ணாடியடியிலிருந்த பிள்ளையார் படத்தைக் கழற்றித் துடைத்து, "இவர எங்க வைக்கிறது?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எங்கயாவது வைங்க, மொதல்ல லொறிய வெளிய எடுங்க" என்று கத்தினேன். பாவம், மனிதர் மிரண்டு போனார். உனக்கு விழ வேண்டிய ஏச்சு அவருக்கு விழுந்தது.

நீயும் அப்படித்தானே. சாமி படத்தை இறக்காமல் கெபின் தூக்கும் பம்பில் கை வைக்க மாட்டாய். முருகனோ, மாதாவோ, புத்தரோ, மக்கா படமோ, எதுவானாலும் அலுமாரி மேல் துணி விரித்துத்தான் வைப்பாய். "சாமி தலகுப்புற நிக்கக் கூடாது மச்சான்" என்பாய். அந்த ஒழுங்கில் கால்வாசியை உன் தலைக்குக் காட்டியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

கெபின் முழுதாகச் சாய்ந்தால்தான் தாங்கு கம்பியின் லொக் விழுந்து பூட்டிக்கொள்ளும். லொக் விழாத கெபினுக்குக் கீழே யாரும் தலையை நீட்டக் கூடாது. இதை எத்தனை டிரைவர்களுக்கு நீயே சொல்லியிருக்கிறாய். நம் கூரை தாழ்வு, உள்ளே வைத்துத் தூக்கினால் பாதியிலேயே தகரத்தில் முட்டும் என்பதும் உனக்குத் தெரியும். தெரியாதவன் செத்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். தெரிந்துகொண்டே செத்தவனை என்ன செய்வது?

அன்றும் மழை. "மழ விடட்டும்டா, வெளிய எடுத்து முழுசா தூக்குவோம்" என்றேன். "ஒரு ஹோஸ் மாத்துறதுக்கு எதுக்கு இவ்வளவு ஊர்வலம்? அரைவாசி தூக்கினா போதாதா?" என்று சிரித்தாய். நான் முறைத்தேன். "சரி சரி, விடட்டும். நீ போயி தேத்தண்ணி சொல்லு" என்றாய். அந்தச் "சரி"யை நம்பித்தான் பக்கத்துக் கடைக்குப் போனேன். நம் திகன ஊர் மழை உனக்குப் புதிதா? கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். தேநீர் ஆறுமுன்னே ஓய்ந்தும்விட்டது.

அதற்குள் சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். பாதியில் முட்டுக் கொடுத்த சவுக்குக் கட்டை எண்ணெய்த் தரையில் வழுக்கி ஒரு மூலையில் கிடந்தது. நீ கெபினுக்கும் லொறிச் சட்டத்துக்கும் நடுவில். அலுமாரி மேல் துணி விரித்து, ஒரு கீறலும் இல்லாமல், முருகன் படம். அவரைப் பத்திரமாக இறக்கி வைக்க உனக்கு நேரம் இருந்திருக்கிறது. மழை விடும்வரை நிற்க மட்டும் நேரம் இருக்கவில்லை.

செத்த வீட்டில் வந்தவரெல்லாம் விதி என்றார்கள். ஒரு பெரியவர், "மூணு மாசமா கண்டம் இருந்திச்சி" என்றார். கண்டமாம். லொக் விழாததற்குக் கிரகத்தின் மேல் பழி. எல்லோரையும் விட உன் மனைவிதான் அதிகம் சொன்னாள். இன்றுவரை சொல்கிறாள். அவள் வாயிலிருந்து அதைக் கேட்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடுவேன்.

இன்று முடியவில்லை. வேலை முடிந்து உன் வீட்டுப் பக்கம் போனேன். தேநீர் கொடுத்தவள், மழையைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் அவரு விதிண்ணே" என்றாள்.

"விதி இல்ல தங்கச்சி," என்றேன். "கொஞ்ச நேரம் பொறுத்திருந்தா இருந்திருப்பான். நான் சொன்னேன். சரின்னுட்டு, நான் அங்கிட்டு போனதும் செஞ்சிருக்கான்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவள் அழவில்லை. முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"தெரியும்ண்ணே. எங்கிட்ட சரின்னு சொன்னதுல எத செஞ்சாரு, இத செய்றதுக்கு? அவரு மேல கோவப்பட ஆரம்பிச்சா எனக்கு நாள் பூரா அதுதான் வேலையாப் போயிரும். பிள்ளைங்கள யாரு பாக்குறது? அதனாலதான் விதின்னு சொல்லிக்கிறேன். எனக்கும் சேத்து நீங்களே கோவப்படுங்க."

பட்டுக்கொண்டிருக்கிறேன், மச்சான்.